சீஸ் இல்லாத பீட்சாவும் சாயத்தண்ணியும்

கண்டி வாவிப் பக்கமும் தலதா வீதியிலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் கஃபேக்களின் மெனு அட்டையில் இப்போது குட்டியாக ஒரு பச்சை இலை போட்டிருப்பார்கள். இலை இருந்தால் அது வீகன். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. சிலருக்குத் தேன்கூட ஆகாது. நான் பார்த்த ஒரு அட்டையில் இலை போட்ட சாப்பாடு எதுன்னு கேட்டா, தேங்காய் ரொட்டி, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, லுணு மிரிஸ். பக்கத்தில் இருந்த விலை, கொழுந்து பறிக்கிற ஒருத்தருக்கு 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாள் சம்பளமான 1350 ரூபாவைத் தாண்டியிருந்தது.

இதைப் படம் எடுத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எங்கள் பெட்ச்சில் யாராவது ஒருத்தர் கட்டாயம் அந்த ஜோக்கை அடிப்பார். "எங்க அம்மாயி அம்பது வருஷமா வீகன்தான்டா, அவங்களுக்குத்தான் அது தெரியாது." எல்லாரும் சிரிச்சு முகம் போடுவாங்க. எனக்கும் முதல்ல சிரிப்பு வந்தது. ஆனா அந்த ஜோக் பொய். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். பொய்ன்னு எனக்குத் தெளிவானது கண்டியில் இல்லை, பெங்களூரில் ஒரு வீகன் பீட்சாக் கடையில்.

நான் ஏன் பெங்களூருக்குப் போனேன் என்று சொல்லணும். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் எங்கள் வீடும் இரண்டாகப் பிரிந்தது. அம்மாயி கலஹாப் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அவருடைய தங்கச்சி, எங்கள் சின்னம்மாயி, எழுபதுகளில் ஒப்பாரிக் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் போய் நின்றார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நட்ட தேயிலைத் தோட்டம் அது, டான்டீ என்று சொல்வார்கள். இங்கே பறித்த அதே கொழுந்தை அங்கே போய்ப் பறித்தார். போன லீவில்தான் நான் முதன்முதலாக அவரைக் கோத்தகிரியில் போய்ப் பார்த்தேன். அவருடைய பேத்தி, எனக்கு அக்கா முறை, பெங்களூரில் வேலை செய்கிறார். மூன்று வருஷமா வீகன். "இங்க வா பாப்பா, நான் உனக்கு ஒரு பீட்சா வாங்கித் தாறேன், சீஸ் மாதிரியே இருக்கும், ஆனா சீஸ் இல்ல" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கடை இந்திரா நகர்ப் பக்கம். விறகு அடுப்பு, மரமேசை, சுவரில் பன்றிக்குட்டி படம். கடையைப் பற்றி நேர்மையாச் சொல்றேன். ரொட்டி, அதாவது பீட்சாவின் அடி, ரொம்ப நல்லா இருந்தது. ஓரம் ஊதி, அங்கங்க கருகி, உள்ளே மெதுவா. சீஸ் என்று வந்தது கஜுவை ஊறவைத்து அரைத்துச் செய்தது. வாயில் வைத்ததும் நல்லாத்தான் இருக்கு, ஆனா பாலில் செய்த சீஸ் இழுபடுகிற மாதிரி இழுபடாது, ஆறினதும் கெட்டிச் சட்னி மாதிரி ஆகிவிடும். இன்னொன்றில் பிஞ்சுப் பலாக்காயைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள், இறைச்சிக்குப் பதிலாக. பொலஸ் கறியைப் புகையில் வாட்டி ரொட்டியில் வைத்த மாதிரி. அது எனக்குப் பிடித்திருந்தது. எங்க ஊர்ல இதுக்குப் பேர் பலாக்காய்தானே, இறைச்சின்னு ஏன் சொல்லணும் என்று மட்டும் தோன்றியது.

ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டதிலேயே நல்லது மூன்றாவதாக வந்தது. மரினாரா. தக்காளி, வெள்ளைப்பூடு, ஒரிகானோ, ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான். மெனுவிலேயே விலை குறைந்ததும் அதுதான். அதற்கும் பச்சை இலை போட்டிருந்தார்கள், ஆனால் அதிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. நேப்பிள்ஸில் அது தொடக்கத்திலிருந்தே சீஸ் இல்லாத பீட்சாதான். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவுக்குப் பாரம்பரிய உணவு என்ற அங்கீகாரம் கொடுத்தபோது, மார்கரீட்டா, மரினாரா இரண்டுக்கும்தான் கொடுத்தது. 2017இல் அங்கே பீட்சா சுடுகிற கலையையே யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

இன்றைக்குத்தான் இவ்வளவு மரியாதை. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா 1840களில் நேப்பிள்ஸைப் பற்றி எழுதியபோது, அந்த ஊர்த் தெருவில் கிடக்கிற ஏழைகள் குளிர்காலத்தில் பீட்சாவையும் கோடையில் வத்தகப்பழத்தையும் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்கள் என்றுதான் எழுதினார். இராணி மார்கரீட்டாவுக்கு 1889இல் தக்காளி, சீஸ், துளசி போட்டுச் சுட்டுக் கொடுத்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்றொரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதற்குள் ஒரு சங்கதி இருக்கிறது. இராணி வந்தால் சீஸ் போடுவார்கள். கூலிக்காரன் வந்தால் தக்காளியும் பூடும். அந்தக் கூலிக்காரன் பசுமாட்டை நினைத்துச் சீஸை விடவில்லை.

அந்த மேசையில் உட்கார்ந்து நான் ரொட்டியை நினைத்தேன். எங்க தோட்டத்து ரொட்டி.

மலைநாட்டில் பிறந்தவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவங்களுக்காகச் சொல்றேன். காலையில் இருட்டோட எழும்பி மாவு பிசைந்து, தேங்காய் இருந்தால் துருவிப் போட்டு, இல்லாவிட்டால் சும்மா தட்டிச் சுட்டு எடுத்தால் அது காலைக்கும் ஆகும், மலைக்குக் கொண்டுபோய்ப் பகலுக்கும் ஆகும். சோறு மாதிரி ஊசிப் போகாது. கோப்பை வேண்டாம், கையிலேயே வைத்துச் சாப்பிடலாம். மழை பெய்தால் கொழுந்து மலையிலேயே நின்றுகொண்டும் சாப்பிடலாம். கூட ஒரு சம்பல், போத்தலில் சாயத்தண்ணி. பால் போடாத தேத்தண்ணிக்கு நாங்க சொல்ற பேர் அது. இந்த நாட்டின் தேயிலையைப் பறிக்கிறவர்கள் குடிக்கிறது அதிகமும் அதைத்தான். பச்சை இலை போட்டு மெனுவில் வைத்தால் அப்படியே பொருந்தும். ஒரு மிருகத்தின் பொருள்கூட இல்லாத சாப்பாடு.

ஏன் இல்லை? 2016இல் நடந்த தேசிய குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம். மூன்று பிள்ளையில் ஒன்று. மாவும் சாயமும் மட்டும் சாப்பிட்டு வளர்ந்தால் எலும்பு இப்படித்தான் நிற்கும். வீகனாக இருந்தும் நல்லா வளரலாம், அக்கா அதைத் திருப்பித் திருப்பிச் சொல்வார், உண்மைதான். பருப்பு, பயறு, சோயா, கீரை, நிலக்கடலை, கூடவே பி12 மாத்திரை, எல்லாத்தையும் கணக்குப் பார்த்துச் சாப்பிடணும். அந்தக் கணக்குப் பார்க்கக் கையில் காசும் நேரமும் படிப்பும் வேணும். எங்க வீட்டில் 2022இல் பால்மா விலை ஏறினபோது அம்மா பார்த்த கணக்கு வேறு. பால்மா தம்பிக்கு மட்டும், மற்ற எல்லாருக்கும் சாயம். அந்த வருஷம் கண்டி டவுன் தேத்தண்ணிக் கடைகளிலேயே பால்டீ கேட்டா "இல்ல, ப்ளேன்டீ மட்டுந்தான்" என்றார்கள். யாரும் அதை வீகன் வருஷம் என்று சொல்லவில்லை.

தீபாவளி முற்பணம் வந்தால் எங்க லயத்தில் எல்லா வீட்டிலும் கோழி வேகும், நாலு வீடு சேர்ந்தால் ஆடு. அந்த மணத்தோடு வருஷத்துக்கு ஒரு நாள் தலை நிமிர்ந்து நிற்கிற சனம் நாங்க. அம்மாயியும் அப்படித்தான். பல்லுப் போன பிறகும் கோழிக்கால் எலும்பை விடமாட்டாங்க. அவங்களை வீகன் என்று சொன்னால், அவங்க ஆசைப்பட்டதையும் கிடைக்காததையும் சேர்த்து அழிச்சுட்டு, ஒரு கொள்கையை அவங்க தலையில் கட்டுறோம்.

வீகன் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் டொனால்ட் வாட்சன் என்ற இங்கிலாந்துக்காரர். மரவேலை சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். 1944 நவம்பரில் சில நண்பர்களோடு சேர்ந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கினார். யுத்த காலம், இங்கிலாந்தில் வெண்ணெய், சீஸ், இறைச்சி எல்லாம் கூப்பனுக்குத்தான். கூப்பனில் கிடைக்கிற கொஞ்சத்தையும் வேண்டாம் என்று சொல்றதுக்கு ஒரு மனத்திடம் வேணும், அதை நான் மதிக்கிறேன். அந்தச் சொல் பிறந்ததே வேண்டாம் என்று சொன்னவர்களிடமிருந்து. வேண்டாம் என்று சொல்லணும்னா முதலில் கைக்கு எட்டுற தூரத்தில் அது இருக்கணும்.

இதுக்காக வீகன்காரங்களைக் கிண்டல் பண்ணணும் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அக்கா சொன்ன ஒரு விஷயத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கன்று போட்டால்தான் மாடு பால் கறக்கும். பிறக்கிற கன்றில் பாதி காளைக்கன்று. பால்பண்ணைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. "அதுங்க எங்க போகுதுன்னு யோசிச்சியா பாப்பா? மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன்னு சொல்லிக்கிட்டு பால் குடிக்கிறவங்க அதை யோசிக்கிறதே இல்ல." சரியான கேள்வி. நம்ம சைவக் கடைகளில் நெய்த் தோசையும் தயிரும் சாப்பிட்டுவிட்டு, உயிர்க்கொலை செய்யவில்லை என்று பெருமைப்படுகிறவர்களும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். சைவமும் வீகனும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கோ எங்கள் கெம்பஸ் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கோ ஒரு வீகனைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். பாலபிஷேகத்திலிருந்து பொங்கல் வரை எங்கேயும் பால்தான்.

(இன்னொன்று, மாசி. கண்டியில் வீகன் என்று தேடி வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பாதிப் பேர் மாசிச் சம்பல் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள் என்பது என் சந்தேகம். ஒரு கடையில் நானே பக்கத்து மேசைக்கு மொழிபெயர்த்தேன். மீன் இருக்கா என்று கேட்டார்கள். "இல்ல இல்ல, மீன் எல்லாம் போடுறதில்ல, மாசி மட்டும் கொஞ்சம்." வெயிட்டர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மாசி மீன் இல்லை, உப்பு மாதிரி ஒரு சாமான்.)

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், மிருகத்தின் மேல் வைக்கிற இரக்கம் கண்டியில் ஒருபோதும் தனியாக வருவதில்லை. 2013 வெசாக் அன்று தலதா மாளிகைக்கு முன்னால் ஒரு பிக்கு மாடறுப்பை எதிர்த்துத் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார், அடுத்த நாள் உயிர் போனது. அந்த மனிதருடைய வேதனையை நான் எடைபோட மாட்டேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பேச்சு யாரைக் குறிவைத்துப் போனது என்பது இந்த ஊரில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பால்பண்ணையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, முஸ்லிம்களின் இறைச்சிக் கடையைப் பற்றித்தான் பேச்சு. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியப் பக்கமும் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளியும் எரிந்தபோது அதற்கு உடனடிக் காரணம் மாடு இல்லை. ஆனால் அந்த வெறுப்பைப் பல வருஷமா ஊற்றி வளர்த்த பேச்சுகளில் மாடும் ஒன்று. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனையை அமைச்சரவை அங்கீகரித்தது. அதிலேயே, சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்றும் இருந்தது. அதாவது மாடு செத்தால் பரவாயில்லை, இங்கே சாகக்கூடாது, இவன் கையால் சாகக்கூடாது. நாம குடிக்கிற பால்மா பெரும்பாலும் நியூசிலாந்து மாட்டோடது என்பதும் அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பெங்களூரிலும் இதே கதை வேறு உடுப்பில். அக்கா வீடு தேடினபோது பாதி இடத்தில் 'வெஜ் மட்டும்' என்று போட்டிருந்ததாம். அக்கா வீகன் என்று கேள்விப்பட்டதும் ஒரு வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், "அப்ப நீங்க நம்ம ஆளுங்களா?" என்றாராம். அந்த வீட்டை அக்கா எடுக்கவில்லை. "நான் மாட்டுக்காகப் பால விட்டேன், அந்தாளு அதை வச்சு என் சாதியைப் பாக்குறான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அக்காவின் வீகன் கொள்கையில் பிடித்த இடம் அதுதான்.

மேலே இருக்கிறவர்கள் முடிவு பண்ணி இறக்குகிற நல்ல காரியத்துக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று நமக்குப் பழக்கம் இருக்கிறது. 2021இல் நாடே இயற்கை விவசாயத்துக்கு மாறப்போகிறது என்று சொல்லி இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தினார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. கொழுந்து குறைந்தது. கணக்குக் கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேர் விழுந்தது யாருக்கு? சாப்பாட்டு விஷயத்திலும் அப்படி ஒன்று நடக்கலாம் என்பது எனக்கு வெறும் கற்பனையாகத் தெரியவில்லை. அந்தக் கஜுச் சீஸையே எடுங்க. கஜுக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். கேரளாவில் கொல்லம் பக்கம் அதை உடைத்துச் சுத்தம் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பீட்சாக் கடைச் சுவரில் பன்றிக்குட்டிக்கு இடம் இருந்தது, அவங்க கைக்கு இடம் இல்லை. அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அப்ப மரினாராவையே சாப்பிடுவோம்" என்றார்.

கண்டியில் வீகன் என்று ஒன்று வளரணும் என்றால் அது பச்சை இலை அட்டையிலிருந்து வளர வேண்டாம். கன்னொருவையில் ஹெல போஜன் ஹல இருக்கிறது, எங்கள் கெம்பஸிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாடு. கிராமத்துப் பெண்கள் ஆளுக்கொரு அடுப்பு வைத்து, அவங்களே சமைத்து, அவங்களே விற்று, காசை அவங்களே எடுத்துக்கொண்டு போவார்கள். குரக்கன் ரொட்டி, ஹலப, கொலகெந்த, பலாக்காய், அவித்த கிழங்கு. அநேகமா எல்லாமே மரக்கறி, பாதிக்கு மேல் வீகன், ஆனால் யாரும் அப்படிக் கூவி விற்பதில்லை. லொறி ட்ரைவரும் சாப்பிடுவார், பூங்கா பார்க்க வந்த வெள்ளைக்காரரும் சாப்பிடுவார், மாதக் கடைசியில் நாங்களும் சாப்பிடலாம். குரக்கன் ரொட்டியை ஒரு நாளும் ஏழைச் சாப்பாடு என்றோ உயர்ந்த சாப்பாடு என்றோ அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பசிக்குச் சாப்பிடுகிற சாப்பாடு. தோட்டப்புறப் பெண்களுக்கும் இப்படி ஒரு இடம், கலஹாவிலோ தெல்தோட்டையிலோ வைத்துக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்கிறேன். அவங்க சுடுகிற ரொட்டிக்குக் கஃபேக்காரன் போடுகிற விலையில் பாதி கிடைத்தாலே போதும். அந்தக் காசில் பிள்ளைக்குப் பால் வாங்குவார்களோ பயறு வாங்குவார்களோ முட்டை வாங்குவார்களோ, அது அவங்க இஷ்டம்.

அக்கா சித்திரை லீவுக்கு இங்கே வருகிறார். சின்னம்மாயி பிறந்த லயத்தைப் பார்க்கணுமாம். அம்மா இப்பவே பதறுகிறார். கோழி ஆகாது, முட்டை ஆகாது, பால்டீகூட ஆகாதுன்னா அந்தப் புள்ளைக்கு என்னத்தத்தான் ஆக்குறது? நான் சொன்னேன், "கஷ்டமே இல்லம்மா, தேங்காய் ரொட்டி சுட்டு, மாசி போடாம ஒரு சம்பல் அரைங்க, அக்காவுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாருக்கு. அம்பது வருஷம் கழிச்சு இந்தியாவுல இருந்து வர்ற புள்ளைக்கு ரொட்டியும் சம்பலுமா வைப்பாங்க?"